பரப்பு என்றால் பரப்பளவு இல்லை

எங்கள் ஊரில் ஏஜென்ட் என்றால் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர். அதனால் "அமைப்பின் கணக்குப் பார்க்க ஒரு ஏஜென்ட் பிடித்திருக்கிறேன்" என்றதும் பொருளாளர் அண்ணை ஒரு மாதிரிப் பார்த்தார். "எவ்வளவு காசு கேட்கிறான்?" என்றார்.

நான் சொன்னது ஏஐ ஏஜென்ட், கொடுத்த கருவிகளைக் கொண்டு சொன்ன வேலையைத் தானே செய்கிற செயற்கை நுண்ணறிவு மென்பொருள். எங்கள் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பின் பழைய பதிவேடுகளை எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளக் கோப்பு ஒன்றில் ஏற்றி வைத்திருக்கிறேன். யாருக்கு எவ்வளவு காணி, எந்த வாய்க்கால், எந்தப் போகத்தில் எத்தனை மூட்டை, எல்லாம் அதில் இருக்கிறது. அதைத் திறந்து தேட ஒரு சின்னக் கருவி எழுதி ஏஜென்ட்டின் கையில் கொடுத்தேன். தமிழில் கேட்டால் போதும், தரவுத்தளத்தைக் கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லை அதுவே எழுதிக்கொள்ளும்.

முதல் நாளே ஒருவருக்கு 15 ஏக்கர் என்றது. மனுசனுக்கு இருப்பது 3 ஏக்கர் வயலும் 12 பரப்புத் தோட்டமும். எங்கள் பதிவேட்டில் வயல் ஏக்கரில் இருக்கும், தோட்டம் பரப்பில் இருக்கும். பரப்பு எங்கள் பக்கத்து நில அளவு, 16 பரப்பு ஒரு ஏக்கர். ஆகக் கூடினால் மூன்றே முக்கால் ஏக்கர். தோட்ட அட்டவணையில் அந்த நிரலுக்கு (column) 'பரப்பு' என்றே பெயர் வைத்திருந்தேன். ஏஜென்ட் அதைப் பள்ளிக்கூடத் தமிழில் 'பரப்பளவு' என்று எடுத்து, மூன்றையும் பன்னிரண்டையும் கூட்டிவிட்டது.

வெளியூரிலிருந்து புதிதாக வந்த உத்தியோகத்தரும் அப்படிக் கூட்டியிருக்கலாம். ஆனால் 15 ஏக்கர் என்றதும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்து பக்கத்து மேசையில் கேட்டிருப்பார். இது கேட்கவில்லை. தெரியாத இடத்தைத் தானே நிரவிக்கொண்டு, தெரிந்ததைச் சொல்கிற அதே குரலில் சொன்னது.

ஏஜென்ட்டையும் கருவிகளையும் இணைக்க ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி என்ற முறைப்படி, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்ன உள்ளீடு கொடுக்கலாம் என்ற வரையறை இருக்கும். எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்று ஏஜென்ட் முடிவெடுப்பது அவற்றைப் படித்துத்தான். நான் அந்த இடத்தில் 'தரவுத்தளத்தில் தேட உதவும் கருவி' என்று எழுதியிருந்தேன். கடைப் பலகையில் 'கடை' என்று எழுதின மாதிரி.

எஸ்கியூஎல் ஏஜென்ட்டுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விளக்கிப் பக்கம் பக்கமாக எழுதுவது வீண். எங்கள் வாயில் மட்டும் இருக்கிற விசயங்களை எழுத வேண்டும். காலபோகத்தை, அதாவது மழைக்கால நெற்செய்கையை எடுங்கள். ஐப்பசி மழையோடு விதைத்து, தை மாசியில் வெட்டுகிறோம். ஒரு போகம் இரண்டு வருடத்தில் கால் வைக்கிறது. '2024 விளைச்சல் எவ்வளவு?' என்று கேட்டால் எதைக் கூட்டுவது? பதிவில் இருப்பது '2023/24 காலபோகம்'. இலங்கை அடையாள அட்டை இலக்கம் இன்னொரு தலையிடி. பழையது ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 முதல் வந்தது பன்னிரண்டு இலக்கம். அட்டையை மாற்றிய ஒருவர் எங்கள் கோப்பில் இரண்டு பேராக இருக்கிறார், மானியப் பட்டியலிலும் இரண்டு தரம் வருவார்.

சரி, இதையெல்லாம் எங்கே எழுதுவது? போஸ்ட்கிரெஸ் என்ற பெரிய தரவுத்தளம் என்றால் நிரலுக்கு நிரல் குறிப்புப் போடவே ஒரு கட்டளை உண்டு. எஸ்கியூலைட்டில் அது இல்லை. ஆனால் அட்டவணையை உருவாக்கும் கட்டளையை நாம் எழுதினபடியே, உள்ளே போட்ட குறிப்புகளோடு அது சேமித்து வைக்கும். அந்தக் கட்டளையை வாசித்து அட்டவணையின் அமைப்பைப் பார்க்கிற ஏஜென்ட்டின் கண்ணில் அது படாமல் போகாது. 'பரப்பு: நில அளவை அலகு, ஏக்கரில் பதினாறில் ஒன்று, 16ஆல் வகுத்த பிறகே ஏக்கரோடு கூட்டு' என்று அங்கேயே எழுதிவிட்டேன். தனியாக ஒரு கோப்பில் எழுதினால் நானே மறந்துவிடுவேன்.

சுருக்கமாகவும் இருக்க வேண்டும். ஏஜென்ட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏஐ மாடல்களில் பல தமிழை ஆங்கிலத்தைவிடச் சின்னத் துண்டுகளாக உடைப்பதால் செலவு கூட. அப்படியும் குறிப்பைத் தமிழில்தான் எழுதினேன். வெயில்காலப் போகமான சிறுபோகத்துக்கு ஆங்கிலம் தேடப் போய் இன்னொரு 15 ஏக்கர் வந்துவிடக்கூடாது.

பிழைச் செய்தியும் ஆவணம்தான். முன்பு கருவி 'தவறான உள்ளீடு' என்று மட்டும் சொல்லும். இப்போது '2024 என்று தராதே, 2023/24 காலபோகம் அல்லது 2024 சிறுபோகம் என்று தா' என்கிறது. அடுத்த தடவை ஏஜென்ட் சரியாகக் கேட்கிறது.

ஒன்றை மட்டும் எழுத்தில் விட மாட்டேன். 'எதையும் அழிக்காதே' என்று எழுதி வைத்துவிட்டு நித்திரைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். குளத்து வான்கதவுக்குப் பூட்டுப் போடாமல் 'தொடாதே' என்று பலகை வைப்பதுபோல இருக்கிறது அது. நான் கோப்பை வாசிக்க மட்டும் திறந்து கொடுத்திருக்கிறேன்.

இன்னும் ஒரு நிரல் பாக்கி. பெயர் 'கழிவு'. ஈரத்துக்குக் கழித்ததா, சாக்கு நிறையா, கடனுக்குப் பிடித்ததா என்று பொருளாளர் அண்ணைக்கே நினைவில்லை. இப்போதைக்கு அதற்கு நேரே இப்படி எழுதியிருக்கிறேன்: 'இதன் பொருள் எங்களுக்கும் தெரியாது. எந்தக் கணக்கிலும் சேர்க்காதே. யாராவது கேட்டால் தெரியாது என்று சொல்.'