மெம்பர்ஷிப் கட்டின கதை
கட்டட வரைபட மென்பொருளுக்குச் சின்னச் சின்ன நிரல் எழுதிக் கொடுப்பதுதான் மதுரை எல்லீஸ் நகரில் என் பிழைப்பு. அந்த மென்பொருள் கம்பெனியின் டெவலப்பர் சப்போர்ட் மெம்பர்ஷிப் எடுத்தால் அவர்கள் இன்ஜினியரே நேரடியாகப் பதில் சொல்வார் என்றார்கள், சரி என்று 18 சதவீத ஜிஎஸ்டியோடு ஒரு வருடத்துக்குக் கட்டித் தொலைத்தேன். காலையில் கேள்வி அனுப்பினால் அமெரிக்க மேற்குக் கரையில் அப்போது முந்தின நாள் இரவு, அவர்கள் ஆபீஸ் திறப்பதற்குள் நான் விளக்குத்தூண் பக்கம் பருத்திப்பால் குடித்துக்கொண்டிருப்பேன். வந்த பதில்? "புதிய பதிப்பில் முயன்று பாருங்கள்." அட, பழைய பதிப்பை வைத்திருப்பது நானில்லை, எனக்கு வேலை தருகிற பைபாஸ் ரோட்டு பில்டர்! கடைசியில் லிஸ்ப்பில் (1958-இல் தொடங்கிய நிரல் மொழி, இன்னும் அதுதான் காப்பாற்றுகிறது) நாலு வரி நானே எழுதிச் சரிசெய்தேன். மெம்பர்ஷிப்பில் வெளிவராத பதிப்பை முன்கூட்டியே தருவது மட்டும் உருப்படி, ஆனால் அதைச் சோதிக்க இங்கே யாருக்கு நேரம்? மெம்பர்ஷிப்பைப் புதுப்பிக்கச் சொல்லும் மெயில் மட்டும் நம்ம ஊர் நேரத்துக்கு டாண் என்று வந்துவிடுகிறது.