லத்தீன் சொற்களுக்கு மேலே போடும் கோடு

லத்தீன் சொற்களில் உயிரெழுத்தின் மேல் போடும் நெடில் கோடு பாடநூல்காரர்கள் சேர்த்தது, கவிதை படிக்க அதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். பலர் ஆமோதித்தும் இருக்கிறார்கள்.

பாதி சரி. ரோமானியர்கள் அந்த நீளத்தைப் பெரும்பாலும் எழுத்தில் காட்டவில்லை. ஆனால் உச்சரிப்பில் குறிலும் நெடிலும் வேறு வேறாகவே இருந்தன. பொபுலுஸ் என்றால் மக்கள், போபுலுஸ் என்றால் பாப்லார் மரம். லத்தீன் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். (நம் ஓலைச்சுவடிகளிலும் ஒ, ஓ வேறுபாடு பெரும்பாலும் தெரியாது. அதனால் கொடு, கோடு இரண்டும் ஒன்றாகிவிடவில்லையே!)

நீங்களே சரிபார்க்கலாம். ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் எக்லாக்ஸ் என்ற கவிதைத் தொகுப்பில் 7ஆம் பாடலின் 61ஆம் வரி populus என்ற இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. இது ஹெக்ஸாமீட்டர், அதாவது வரிக்கு ஆறு சீர் கொண்ட யாப்பு. இதில் வரியின் முதல் அசை எப்போதும் நெடியதாக இருக்க வேண்டும். குறிலாகப் படித்தால் வரி முதல் சீரிலேயே தடுக்கும். எனவே அங்கே மரம்தான். அப்புறம் அவருடைய காவியமான ஈனிட் முதல் காண்டத்தின் 21ஆம் வரியைப் பாருங்கள். அதில் இரண்டாவதாக வருவது 'பொபுலும்'. அங்கே அடுத்தடுத்து இரண்டு குறில் வந்தால்தான் சீர் அமையும். ஆகவே மக்கள். லூயிஸ்-ஷார்ட் லத்தீன்-ஆங்கில அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டும் தனித்தனிச் சொற்களாகவே அதில் இருக்கின்றன.