வேலைக்குத் தேவையில்லாத பொருளா அது?

போன வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. வேலைக்குத் தேவையில்லாத பொருள்களை எல்லாரும் மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டுமாம். பின்னேரம் மேலாளர் நேரிலும் வந்து, "தங்கச்சி, திங்கட்கிழமை வெளியாட்கள் வருகினம், உந்தக் குருவியையும் எடுத்து வையுங்கோ" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

குருவி என்பது தொப்பி போட்ட கண்ணாடிப் பொம்மை. முன்னால் உள்ள கோப்பைத் தண்ணீரில் அலகை நனைத்து நனைத்து நிமிரும். கொழும்புப் புறக்கோட்டையில் வாங்கியது. பற்றரி இல்லை, சாவி இல்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த மைல்ஸ் சல்லிவன் 1946இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். உள்ளே இருப்பது சுமார் 40 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும் டைகுளோரோமீதேன் என்ற திரவம். நனைந்த தலை காயும்போது குளிர்கிறது, அங்குள்ள ஆவி சுருங்குகிறது, வயிற்றிலுள்ள திரவம் கழுத்து வழியே மேலே ஏறுகிறது. தலை கனத்துக் குனிகிறது. குனிந்ததும் திரவம் திரும்ப வடிந்துவிட, நிமிர்கிறது.

முதலில் வெள்ளவத்தையில் என் அறையில்தான் வைத்துப் பார்த்தேன். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் தலை காயவே இல்லை, குருவி சோர்ந்து நின்றது. பழுது என்றே நினைத்தேன். அலுவலக ஏசியில் வைத்தால் என்ன சுறுசுறுப்பு! ஆறு மணிக்கு ஏசியை நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் அதன் ஆட்டமும் தளரும். வீட்டுக்குப் போகவேண்டும் என்று எனக்கு ஞாபகம் வருவதே அப்போதுதான்.

கவனம் சிதறும் என்கிறார்கள். நாள் முழுக்க வங்கிக் கணக்குகளைச் சரிபார்க்கிற கண் எங்கேயாவது ஒரு நிமிடம் போய்த்தான் ஆக வேண்டும். குருவி இல்லாவிட்டால் போனுக்குப் போகும். போனுக்குப் போன கண் அரை மணித்தியாலத்துக்குத் திரும்பாது. நிறுவனத்தின் பெயர் அச்சடித்துத் தந்த ரப்பர் பந்து மட்டும் மேசையில் இருக்கலாமாம். அதுவும் விளையாட்டுச் சாமான்தானே?

சரி, சத்தம் போடுகிறவற்றை எடுக்கச் சொன்னால் நியாயம். நியூட்டனின் தொட்டில் என்று ஐந்து இரும்புக் குண்டுகள் தொங்குமே, அது பக்கத்து மேசையில் டக் டக் என்றால் எனக்கும் தலை வலிக்கும்.

எனக்கு உண்மையில் நொந்தது வேறு விடயம். கணக்குப் பிரிவில் ஓர் அண்ணா இருக்கிறார். குடும்பம் யாழ்ப்பாணத்தில், இவர் இங்கே வாடகை அறையில். மகள் குரும்பட்டியும் (தென்னம்பிஞ்சு) ஈர்க்கும் வைத்துச் செய்து கொடுத்த தேர் ஒன்று அவர் கணினிக்குப் பக்கத்தில் நின்றது. குரும்பட்டி காய்ந்து கறுத்துவிட்டது, ஒரு சில்லும் கழன்றுவிட்டது. வெள்ளிக்கிழமை அவர் அதைப் பேப்பரில் சுற்றி லாச்சிக்குள் வைத்ததைப் பார்த்தேன். ஒன்றும் பேசவில்லை. இந்த ஊரில் வாடகைக்கு இருக்கிற எங்களுக்கு நாலடி மேசை ஒன்றுதான் தினமும் அதே இடத்தில் நமக்காக இருக்கிறது. அதில் ஒரு சாண் இடம் கேட்பது பெரிய விடயமா?

வெளியாட்கள் திங்கட்கிழமை வந்து போய்விட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலையே நான் குருவியைத் திரும்ப வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். அண்ணாவின் தேர் இன்னும் லாச்சிக்குள்தான் கிடக்கிறது. நாளைக்கு மேலாளரிடம் நேரில் போய்க் கேட்கப் போகிறேன். முதலில் அந்தத் தேரைப் பற்றி, அப்புறம்தான் குருவி.