பேக்கேஜ் பேசும் முன் ஒரு கணக்கு

“மொத்தமா மூணு லட்சம். ரெண்டு பாட்டு, ஆர்ஆர், மிக்ஸிங் எல்லாம் அதுலயே.” ஆர்ஆர் என்றால் படத்தின் பின்னணி இசை; தயாரிப்பாளர் பேசும் இந்த மொத்தத் தொகைக்குப் பெயர் பேக்கேஜ். முதல் படம் கையில் வந்த சந்தோஷத்தில் இதற்குச் சரி என்று சொல்லிவிடும் இளம் இசையமைப்பாளர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் சம்பளத்தையும் இசைக்கான செலவையும் ஒரே தொகைக்குள் அடைக்க விடாதீர்கள். குறும்படமோ, வெப் தொடரோ, சின்ன பட்ஜெட் படமோ, எதுவானாலும் சரி.

அந்த மூன்று லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: பாடகர்களுக்கு 30,000, வயலின், புல்லாங்குழல் வாசிப்பவர்களுக்கு 40,000, கம்ப்யூட்டரில் இசை கோக்கும் ப்ரோக்ராமருக்கு 40,000, ஸ்டுடியோ வாடகை 20,000, ஒலிகளைச் சேர்த்து மெருகேற்றும் மிக்ஸிங், மாஸ்டரிங் 50,000. போனது 1,80,000. மிச்சம் 1,20,000. ஆனால் தயாரிப்பாளர் மூன்று லட்சம் முழுவதற்கும் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டுதான் பணம் போடுவார். ஆக, கைக்கு வருவது 90,000. பிடித்த 30,000-ஐ வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ரீஃபண்டும் வரலாம். ஆனால் அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஸ்டுடியோக்காரர் காத்திருக்க மாட்டார்.

அடுத்தது ஜிஎஸ்டி. சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகப் பதிவு கட்டாயம். இதே அளவில் ஏழு பேக்கேஜ் எடுத்தால் வரவு 21 லட்சம். உங்களிடம் நிற்பது 8,40,000தான், ஆனால் சட்டம் பார்ப்பது 21 லட்சத்தை. அதன்பின் பொதுவாக பில்லில் 18 சதவீதம் சேர்க்க வேண்டியிருக்கும். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்னத் தயாரிப்பாளருக்கு அந்தத் தொகை திரும்பக் கிடைக்காது. அதனால் “அதையும் உள்ளேயே வச்சுக்கோங்க” என்பார். அது உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும்.

பணத்தைவிட எனக்கு வருத்தம் தருவது இதனால் இசைக்கு நேரும் சேதம். பேக்கேஜில் கூடுதலாக ஒரு வயலின் சேர்த்தால் அதற்கான காசு உங்கள் பையிலிருந்து போகிறது. புல்லாங்குழல் கேட்கும் காட்சியில் ஏற்கெனவே பதிவான சாம்பிள் குழலே போதும் என்று மனசு தானாகவே சமாதானம் தேடும். உங்களுக்குக் காது இல்லாமல் இல்லை. ஒப்பந்தம் அப்படிச் செய்ய வைக்கிறது. வாசிப்பவர்களுக்கும் வேலை போகிறது.

மாற்று வழி ஒன்றும் புதிதல்ல. ஒப்பந்தத்தில் சம்பளம் தனி வரி. இசைச் செலவு தனிப் பட்டியல்: எத்தனை கால்ஷீட், எத்தனை பேர், எத்தனை மணி நேர ஸ்டுடியோ. வாசித்தவர்களுக்கும் ஸ்டுடியோவுக்கும் தயாரிப்பாளர் நேரடியாகக் கொடுக்கட்டும், பில் அவர் பெயரிலேயே இருக்கட்டும். பேக்கேஜைத் தவிர்க்கவே முடியாது என்றால், செலவுப் பட்டியலில் 15 சதவீதமாவது கூடுதலாகப் போட்டுக் கேளுங்கள். எடிட் மாறாத படம் அபூர்வம், மாறினால் இசையையும் மாற்ற வேண்டும்.

எடிட் லாக் ஆன, அதாவது இனி வெட்டு மாறாது என்று முடிவான தேதியை எழுத்தில் வாங்குங்கள். இரண்டு முறை திருத்தம் இலவசம், அதற்கு மேல் நிமிடத்துக்கு இவ்வளவு என்று முன்பே எழுதிவிடுங்கள். பணத்தை நான்காகப் பிரிக்கலாம்: கையெழுத்தின்போது 40 சதவீதம், பாடல்கள் முடிந்ததும் 30, ஆர்ஆர் ஓகே ஆனதும் 20, ஸ்டெம் ஃபைல்கள் (குரல், வயலின் என்று தனித்தனியாகப் பிரித்த ஒலி ஃபைல்கள்) கொடுக்கும் முன் கடைசி 10. ஸ்டெம் போய்விட்டால் அந்தப் பத்தைக் கேட்டு வாங்க உங்களிடம் பிடி எதுவும் இருக்காது.

ராயல்டி பற்றிய வரியைக் கவனமாகப் படியுங்கள். “அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக” என்று எழுதியிருப்பார்கள். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் வந்த திருத்தப்படி, படத்தோடு சேர்ந்து தியேட்டரில் ஒலிப்பதைத் தவிர மற்றப் பயன்பாடுகளுக்கான ராயல்டியில் உங்களுக்குரிய சரிபங்கை நீங்களே விரும்பினாலும் விட்டுக்கொடுக்க முடியாது. அப்படி எழுதிய ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. பாடலாசிரியருக்கும் இதே உரிமை உண்டு. ஆனால் சட்டம் இருக்கிறது என்பதால் பணம் தானாக வந்துவிடாது. ராயல்டியை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாடலையும் பின்னணி இசையையும் பெயர், பங்கு விவரத்தோடு பதிய வேண்டும். பதியாத பாடலுக்கு வசூலான பணம் யாருடையது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

விலைக்கு வாங்கிய லூப்பை (திரும்பத் திரும்ப ஒலிக்கும் ரெடிமேட் இசைத் துண்டை) மெட்டின் முதுகெலும்பாக வைக்காதீர்கள். அதே லூப்பை வாங்கிய வேறொருவர் யூடியூபில் உரிமை கோரினால் உங்கள் பாட்டின் வருமானம் முடங்கும்.

தொழில்நுட்பத்தில் அடிக்கடி காலை வாருவது ஃபிரேம் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை ஃபிரேம் ஓடுகிறது என்பது. எடிட்டர் 24-இல் வெட்டுவார், உங்களுக்கு அனுப்பிய காப்பி 25-க்கு வேகமாக்கப்பட்டிருக்கும். ஒரு மணி நேரப் படத்தில் 2 நிமிடம் 24 விநாடி வித்தியாசம் வரும். இது சீக்கிரமே கண்ணில் படும். 23.976-க்கும் 24-க்கும் உள்ள வித்தியாசம்தான் ஆபத்து: மணிக்கு 3.6 விநாடி. முதல் ரீலில் தெரியாது, கிளைமாக்ஸில் அடி ஓரிடம், இசை ஓரிடம் என்று நிற்கும். வேலை தொடங்கும் நாளிலேயே எண்ணைக் கேட்டு எழுதிவையுங்கள். ஸ்டெம்கள் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில், எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து தொடங்கும்படி இருக்கட்டும்.

ஸ்டெம் ஏற்றுகிற அன்றே க்யூ ஷீட்டையும் முடித்துவிடுங்கள்: ஒவ்வொரு துண்டுக்கும் தலைப்பு, தொடங்கும் நேரம், நீளம், யார் இசை, பாடலா பின்னணியா. ஆறு மாதம் கழித்து உட்கார்ந்தால், ‘ஃபைனல் 3 புதுசு’ என்று பெயர் வைத்த ஃபைல் எந்தக் காட்சிக்குரியது என்று உங்களாலேயே சொல்ல முடியாது.