பாடுவது மட்டும்தான் அவர்கள் வேலையா?

இருபது வருடமாக நான் கேட்டுவரும் ஒரு பாடகர், போர் தொடங்கிய வாரத்தில், தன் நாட்டு விமானங்கள் குண்டு போட்டதைக் கொண்டாடி ஒரு வரி எழுதினார். கூடவே ஒரு கொடி, இரண்டு கைதட்டல். பெயர் வேண்டாம். "உங்க வேலை பாடுறது, அதை மட்டும் பாருங்க" என்று அதன் கீழே தட்டிவிட்டு, அனுப்பப் போகையில் கை நின்றுவிட்டது. எனக்குப் பிடித்த அரசியலைப் பேசிய கலைஞர்களைப் பார்த்து மற்றவர்கள் இதையே சொன்னபோதெல்லாம் நான் சண்டைக்குப் போயிருக்கிறேன். அழித்துவிட்டேன்.

அமெரிக்கப் பாடகி நாட்டலி மெய்ன்ஸிடம் பலர் சொன்னதும் இதைத்தான். 2003 மார்ச் 10, ஈராக் படையெடுப்புக்குப் பத்து நாள் முன்பு, அவருடைய டிக்ஸி சிக்ஸ் இசைக்குழு லண்டனில் பாடிக்கொண்டிருந்தது. இந்தப் போர் எங்களுக்கு வேண்டாம், அமெரிக்க அதிபர் எங்கள் டெக்சாஸ்காரர் என்பதில் வெட்கப்படுகிறோம் என்றார் மெய்ன்ஸ். அவ்வளவுதான். வானொலிகள் அவர்கள் பாட்டை நிறுத்தின. குறுந்தகடுகளைக் கொட்டி டிராக்டர் ஏற்றி நசுக்கினார்கள். கொலை மிரட்டல் வந்தது. எந்தப் பேரழிவு ஆயுதங்களைச் சொல்லிப் போருக்குப் போனார்களோ, அவற்றின் கிடங்கு கடைசிவரை அகப்படவில்லை. அகப்பட்டிருந்தாலும் நான் மெய்ன்ஸ் பக்கம்தான் நின்றிருப்பேன். அவர் கேள்வி கேட்டது தன் சொந்த அதிபரை, அதுவும் தன் பாட்டை வாங்குகிற கூட்டமே கோபப்படும் என்கிற நேரத்தில்.

நான் பார்ப்பது இதைத்தான்: யாரை நோக்கிப் பேசுகிறார்? தன் பக்கத்து அதிகாரத்தைப் பார்த்தா, எதிரே இருக்கிற பலமில்லாதவர்களைப் பார்த்தா?

இங்கிலாந்தின் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனும் மேடையில் அரசியல் பேசியவர்தான். 1976 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பர்மிங்காமில், வந்தேறிகளை நாட்டைவிட்டு அனுப்பச் சொல்லி, காதில் கேட்கக் கூசுகிற வார்த்தைகளைக் கொட்டினார். அவர் கிட்டார் பேசியதே கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையை! அதற்கு இரண்டு வருடம் முன்புதான் ஜமைக்காவின் கறுப்பினப் பாடகர் பாப் மார்லியின் பாட்டைப் பாடி அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தார். அந்தப் பேச்சு கிளப்பிய கோபத்தில் பிறந்ததுதான் 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிஸம்' (இனவெறிக்கு எதிரான ராக் இசை) இயக்கம். அதை நடத்தியவர்கள் அவரை வாயை மூடச் சொல்வதோடு நிற்கவில்லை. கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் ஒரே மேடையில் ஏற்றி வாசிக்க வைத்தார்கள். பதில் என்றால் அது பதில்.

மௌனத்தின் கதை கொஞ்சம் சிக்கல். 2022 மார்ச் 1 அன்று ஜெர்மனியின் மூனிக் பில்ஹார்மோனிக் இசைக்குழு, தன் தலைமை நடத்துநரான ரஷ்யர் வலேரி கெர்கியெவைப் பதவியிலிருந்து நீக்கியது. உக்ரைன் போரைக் கண்டிக்கச் சொல்லிக் கெடு வைத்தும் அவர் வாய் திறக்கவில்லை. பேசு என்று ஒருவரைக் கட்டாயப்படுத்துவது எனக்கு உவப்பில்லை. ரஷ்யாவுக்குள் குடும்பத்தோடு வாழ்கிற ஒரு சாதாரண வயலின்காரரிடம் அப்படிக் கேட்பது கொடுமை. ஆனால் 2014இல் ரஷ்யா உக்ரைனின் கிரிமியாவை இணைத்துக்கொண்டதை ஆதரித்துக் கையெழுத்திட்டவர் கெர்கியெவ். அப்போது அவருக்கு அரசியல் தெரிந்திருந்தது.

என் மனசுக்கு நெருக்கமானவர் பாப்லோ கசால்ஸ். உள்நாட்டுப் போரில் சர்வாதிகாரி பிராங்கோ வென்றதும் ஸ்பெயினை விட்டுப் போனவர்; வயலினின் பெரிய உருவமான செல்லோவில் மேதை. 1945இல் உலகப் போர் முடிந்த பிறகு, பிராங்கோவைத் தொடாமல் விட்ட நேச நாடுகளின் மீதும் கோபம் கொண்டு, உலகமே அழைத்தும் வருடக்கணக்கில் மேடை ஏறவில்லை. 1971 அக்டோபரில், 94 வயதில், ஐ.நா. சபையில் செல்லோவோடு உட்கார்ந்தார். பறவைகள் வானத்தில் 'அமைதி, அமைதி' என்று பாடுகின்றன என்று சொல்லிவிட்டு, ஸ்பெயினில் தான் பிறந்த கத்தலோனியாவின் நாட்டுப்பாடலான 'பறவைகளின் பாட்டை' வாசித்தார். எவ்வளவு சின்னப் பாட்டு அது! இரண்டு வருடத்தில் காலமானார். பிராங்கோ இருக்கும்வரை திரும்ப மாட்டேன் என்றவர், திரும்பிப் போய் அங்கே வாழவே இல்லை.

அந்த ஒலிப்பதிவை மறுபடி கேட்ட ராத்திரிதான், நான் அழித்த இடத்தில் வேறொன்று எழுதினேன்: "அண்ணா, அந்த விமானம் போன ஊரிலும் உங்க பாட்டைக் கேட்டுப் பிள்ளையைத் தூங்க வைக்கிற அம்மா ஒருத்தி இருந்திருப்பாங்க."

இந்த முறை அனுப்பிவிட்டேன்.