கூவிய கோழியை அறுக்கச் சொல்லி என் வாசலுக்கு வராதீர்கள்

என் கோழி கூவுகிறது. ஆமாம், பெட்டைக் கோழிதான். விடிவதற்கு முன்னால் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று, கழுத்தை நீட்டி, வடசென்னைத் தண்டையார்பேட்டையில் பாதிப் பேருக்குக் கேட்கும்படி கூவுகிறது. அதற்காக அதை அறுத்துவிட வேண்டும் என்று இந்தத் தெரு தீர்ப்பு எழுதிவிட்டது.

முதலில் எதிர்வீட்டுப் பெரியம்மா வந்தார். பெட்டை கூவினால் வீட்டு ஆண்பிள்ளைக்கு ஆகாது என்றார். அடுத்து மளிகைக் கடை அண்ணன். "தங்கச்சி, உன் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று வேலை பார்க்கிறவர். ஒரு கோழிக்காக எதற்கு வம்பு? வெள்ளிக்கிழமைக்கு முன்னால் முடித்துவிடு" என்றார். கிரேனுக்குக் கீழே ஒருவருக்கு அடிபட்டால் அதற்குத் தேய்ந்த இரும்புக் கயிறு காரணமாக இருக்கலாம், தூங்காமல் பார்த்த இரட்டை ஷிப்ட் காரணமாக இருக்கலாம். மாடியில் நிற்கும் கோழி எப்படிக் காரணமாகும்? கேட்டால் பதில் கிடையாது. "பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

கோழி ஏன் கூவுகிறது என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? பெட்டைக்கு இடப்பக்கச் சூலகம் மட்டும்தான் வளர்ந்து வேலை செய்யும். வலப்பக்கத்தில் உள்ளது வளராமல் சுருங்கிக் கிடக்கும். கட்டியோ நோயோ தாக்கி இடது சூலகம் கெட்டுப்போனால், சுருங்கிக் கிடந்த அந்த உறுப்பு விதைப்பையைப் போல வளர்ந்து ஆண் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கலாம். அப்போது கொண்டை பெரிதாகும், காலில் முள் நீளும், முட்டை நின்றுபோகும், கோழி கூவும். மரபணுவில் அது கடைசி வரை பெட்டைதான். நோயுற்ற ஓர் உயிர் அது. அதைத்தான் அபசகுனம் என்கிறீர்கள்.

என் கோழிக்கு அந்த நோய்கூட இல்லை. சேவல் இல்லாத கூட்டத்தில் எல்லோருக்கும் மூத்த பெட்டை தலைமையை எடுத்துக்கொண்டு கூவுவது உண்டு. ஆடி மாதம் எங்கள் சேவலைப் பூனை கடித்துக் கொன்றது. அதற்குப் பிறகுதான் இந்தக் கருஞ்சிவப்புப் பெட்டை கூவத் தொடங்கியது. பருந்து வட்டமிட்டால் முதல் குரல் கொடுப்பதும் இப்போது அதுதான். மற்றவை ஓடி ஒளிந்தபிறகுதான் அது ஒளிகிறது. கொண்டை மாறவில்லை. ஐப்பசி முடியும்வரை முட்டையும் இட்டது. இதையெல்லாம் மாடிக்கு வந்து பார்க்கச் சொன்னேன். ஒருவரும் ஏறி வரவில்லை. படியேறாமல் கீழே நின்றபடியே ஓர் உயிருக்கு மரண தண்டனை கொடுக்கிறார்கள்.

1474ஆம் ஆண்டில் இன்றைய சுவிட்சர்லாந்தில் உள்ள பாசல் நகரத்தில், முட்டையிட்ட குற்றத்துக்காக ஒரு சேவலை விசாரித்து, முட்டையோடு சேர்த்து எரித்தார்கள். அந்த முட்டையிலிருந்து கொடிய நாகம் பொரியும் என்று அவர்கள் நம்பினார்கள். அந்தப் பிராணியும் சேவல் தோற்றம் பெற்ற பெட்டையாக இருந்திருக்கலாம். அவர்களுக்குச் சொல்லித்தர அன்றைக்கு யாரும் இல்லை. நமக்கோ மாதவரத்திலேயே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது, வேப்பேரியில் நூற்றாண்டைக் கடந்த கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பஸ் ஏறினால் போய்விடலாம். இத்தனையும் பக்கத்தில் இருக்க, கோழிக்கு என்ன ஆனது என்று கறிக்கடைக்காரரிடம்தான் கேட்கிறோம் என்றால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

"பெட்டைக் கோழி கூவியா பொழுது விடியும்" என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். அவர் கோழியைச் சொல்லவில்லை. குடிநீர் லாரி வரிசையில் குடத்தைத் தள்ளி வைத்ததைத் தட்டிக்கேட்ட பெண்ணுக்கும் இதே பழமொழியைத்தான் எறிந்தார்கள், நான் பக்கத்திலேயே நின்றேன். பெட்டை வாயைத் திறந்தாலே இவர்களுக்கு ஆகவில்லை. அது கோழியா மனுஷியா என்பது இரண்டாவது விஷயம்.

கூவும் கோழிக்குக் கத்தி என்றால், அடை படுத்த கோழிக்குச் சித்திரவதை. பிடுங்கிய இறகை மூக்குத் துளைகளில் குறுக்காகச் செருகி விடுவார்கள். வாளித் தண்ணீரில் திரும்பத் திரும்ப முக்குவார்கள். காலைக் கட்டி வெயிலில் போடுவார்கள். "திமிர் அடங்கும்" என்பார்கள். எது திமிர்? நாட்டுக்கோழி ஒரு சுற்று முட்டை இட்டு முடித்ததும் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறுகிறது. சூலகம் ஓய்கிறது. முட்டைக்குச் சூடு கொடுக்க வயிற்றடி இறகு உதிர்கிறது. தீனி, தண்ணீருக்கு ஏதோ சிறிது நேரம் எழுந்துவிட்டு, கீழே முட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கேயே படுத்துக் கிடக்கிறது. கிட்டே போனால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறது, ஏனென்றால் 21 நாள் காத்தால்தான் குஞ்சு. ஆண்டுக்கு முந்நூறு முட்டை இடும் பண்ணை வெள்ளைக் கோழியிடம் இந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கட்டிவிட்டார்கள். நாட்டுக்கோழியிடம் அது இருப்பதால்தான் கரண்டும் எந்திரமும் இல்லாமல் நம் வீட்டில் குஞ்சு பொரிக்கிறது. நாட்டுக்கோழி முட்டை என்று கூடுதல் விலை கேட்டு வாங்குகிற அதே கை, அந்தக் கோழி தாயாக உட்கார்ந்தால் மூக்கைக் குத்துகிறது!

அடை தெளிய வைக்க வேண்டுமானால், அடியில் காற்றுப் போகிற கம்பிவலைக் கூண்டைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, நிழலில், தீனியும் தண்ணீரும் கொடுத்துச் சில நாள் விட்டால் போதும். வயிற்றடிச் சூடு தணியும், தானே எழுந்துவிடும். சொன்னால் சிரிக்கிறார்கள். வாளி பக்கத்திலேயே இருக்கும்போது கூண்டு எதற்காம்.

தோல் முட்டைக்கும் இதே கதைதான். சித்திரை, வைகாசியில் ஓடு இல்லாமல், தொட்டால் அமுங்குகிற முட்டை வந்தால் உடனே கண் திருஷ்டி, செய்வினை, வாசலில் எலுமிச்சம்பழம். தகரக் கொட்டகைக்குள் அந்த நேரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைப் பிளந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். அப்படி இரைக்க இரைக்க இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. ஓடு என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அந்தக் கார்பனேட்டுக்கு மூலமே குறைந்தால் ஓடு எங்கிருந்து தடிக்கும்? இதில் தீனி வெறும் சோறும் நொய்யும். கடற்கரையில் கிளிஞ்சல் கொட்டிக் கிடக்கிற ஊர் இது. காசிமேடு வரை நடந்து பொறுக்கி வந்து, கழுவிக் காயவைத்து, உடைத்துத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் தேவையான அளவைக் கோழியே எடுத்துக்கொள்ளும். கொட்டகை மேல் ஈரச் சாக்குப் போடலாம். எலுமிச்சம்பழத்துக்குக் கொடுக்கிற காசுகூட ஆகாது. தீபாவளி வெடிக்கும் சாவு மேளத்துக்கும் மிரண்டு, ஓடு முற்றும் முன்பே முட்டையைப் போட்டுவிடும் கோழியும் உண்டு. மிரள வைத்தது நாம், பழி கோழிக்கு.

சந்தையில் வாங்கிய புதுக் கோழியை நேராகக் கூட்டத்தில் விடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று தெளிவான வரிசை உண்டு. நார்வேக்காரரான ஷெல்டெரப்-எபே என்பவர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கவனித்து எழுதினார். புதிதாக ஒன்று நுழைந்தால் அந்த வரிசை மொத்தமாகக் கலைகிறது. அடி விழும், இரத்தம் வரும், சிவப்பைக் கண்டால் மற்றவையும் கொத்தும். ஒரு வாரம் நடுவில் வலை கட்டி, ஒன்றையொன்று பார்க்க மட்டும் விட்டுப் பிறகு சேர்த்தால் இவ்வளவு ஆகாது. பின்வீட்டில் அப்படிச் செய்யாமல் ஒரு விடைக்கோழியை விட்டு, அதன் மண்டைத் தோல் உரிந்த பிறகு, "இந்தக் கூட்டமே கொலைகாரக் கூட்டம்" என்று கொத்திய கோழிகளின் அலகைச் சூட்டுக் கத்தியால் சுட்டார்கள். அலகின் நுனி வரை நரம்பு ஓடுகிறது. அந்த அலறலைக் கேட்டுவிட்டு அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது மார்கழி. பகல் பதினொன்றரை மணி நேரம்கூட இல்லை. தாராளமாக முட்டையிடக் கோழிக்குப் பதினான்கு மணி நேர வெளிச்சம் வேண்டும். போதாக்குறைக்கு என் பெட்டை இறகு உதிர்த்துக்கொண்டிருக்கிறது. உண்ணும் புரதமெல்லாம் புது இறகுக்குப் போகிறது. அதனால் முட்டை இல்லை. இதைக் கண்டுபிடித்துவிட்டு நேற்று கறிக்கடையிலிருந்து ஒருவர் மாடிப்படியடியில் வந்து நின்றார். "முட்டையும் இல்லை, கூவவும் செய்கிறது, கிலோ என்ன விலைக்குத் தருகிறீர்கள்?" என்றார். கருவாட்டுத் தூள் கலந்து கம்பு வைக்கிறேன், தை பிறந்து இறகு முளைத்து முடியட்டும். விலை பேச மட்டும் யாரும் அந்தப் படியில் கால் வைக்க வேண்டாம்.