ஜோடி எங்கே சார்?

(வேலூர் லாங்கு பஜார் ஓரம். செருப்பும் பையும் தைக்கும் அண்ணன். எதிரே, வங்கியில் ஓய்வு பெற்று, பழைய ராணுவக் கத்திகள் சேர்க்கும் சார். கையில் செய்தித்தாள் சுற்றிய நீளப் பொட்டலம்.)

அண்ணன்: இவ்வளவு நீளக் கால் யாருக்கு சார்? ஜோடி எங்கே?

சார்: செருப்பு இல்லை அண்ணா, கத்தி உறை. 1907 மாடல் பயனெட், துப்பாக்கி முனையில் மாட்டுவது. முதல் உலகப் போரில் நம் சிப்பாய்கள் பிடித்தது. அலகு மட்டும் 17 அங்குலம்.

அண்ணன்: முழத்துக்கு ஒரு அங்குலம் குறைச்சல். சரி, கத்தி?

சார்: வீட்டில். அதோடு பஜாரில் நடந்தால் ராத்திரிச் சோறு ஸ்டேஷனில்தான். தவிர, கத்தியைத் தோல் உறையிலேயே விடக் கூடாது. ஈரம் இழுத்துத் துருவேற்றிவிடும். எண்ணெய் தடவித் தனியாக வைத்திருக்கிறேன்.

அண்ணன்: கத்தியை வைக்கக் கூடாதென்றால் உறை எதற்கு சார்?

சார்: (கொஞ்சம் யோசித்து) உறை இல்லாவிட்டால் கத்திக்கு விலை இல்லை அண்ணா.

அண்ணன்: அதுவும் சரி. நைலான் நூல் போட்டு, கறுப்பு பாலிஷ் அடித்து, சாயங்காலம் புத்தம் புதுசாகத் தருகிறேன்.

சார்: ஐயோ! பழசாகவே இருக்க வேண்டும்!

அண்ணன்: பழசாகத்தான் இருக்கிறது என்கிறீர்கள். அப்புறம் எதற்கு இங்கே வந்தீர்கள்?

சார்: ஒரு தையல் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். பார்த்துச் செய்யுங்கள். தோல் விஷயம் லேசுப்பட்டதில்லை. புதுத் தொப்பியில் தோல் குஞ்சம் வைத்ததும் ஒரு காரணமாகி, 1806 ஜூலை 10-ல் இதோ இந்தக் கோட்டையிலேயே சிப்பாய்கள் எழுந்துவிட்டார்கள்.

அண்ணன்: அந்தத் தோலை யார் கடையில் வாங்கினார்களோ! (பொட்டலத்தைப் பிரித்து, விளிம்பை நகத்தால் கீறி மோந்து பார்க்கிறார்.) எந்த வருஷம் என்றீர்கள்?

சார்: மாடல்தான் 1907, செய்தது 1917. கத்தியிலேயே அச்சு இருக்கிறது. வளைத்துச் சோதித்ததற்குப் போட்ட பெருக்கல் குறிகூட உண்டு.

அண்ணன்: கத்தி இருக்கட்டும் சார். மரப்பட்டையில் பதம் போட்ட தோல் உள்ளே வரைக்கும் பழுப்பாக இருக்கும். இங்கே பாருங்கள், மேலே பழுப்பு, நடுவில் நீலம். குரோம் உப்பில் பதம் போட்ட தோல். ராணிப்பேட்டை லாரியில் வந்த சரக்கு.

சார்: கைத்தையல் ஆயிற்றே!

அண்ணன்: தையலை நான் குறை சொல்லவே மாட்டேன். (குரல் இறங்குகிறது) கடைசி முடிச்சு... இடது கைக்காரன் முடிச்சு.

(தன் இடது கையிலிருந்த ஊசியை மெதுவாகக் கீழே வைக்கிறார்.)

சார்: அண்ணா...

அண்ணன்: ஆறு மாசம் முன்னால் ஒருத்தர் படம் காட்டித் தைக்கச் சொன்னார் சார். நாடகத்துக்கு என்றார். டீ டிக்காஷனில் இரண்டு நாள் ஊறப்போட்டேன்.

சார்: எவ்வளவு வாங்கினீர்கள்?

அண்ணன்: முன்னூறு. நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள்?

சார்: ...அந்தத் தையலை மட்டும் போடுங்கள்.

அண்ணன்: நம் வேலைதானே, காசு வேண்டாம். ஜோடி வேண்டுமென்றால் சொல்லுங்கள், அதே முன்னூறுதான்.